துளுக்காத கிடாய்

காளப்பநாயக்கன்பட்டியில் சுப்பண்ணன் தன் பாரவண்டிகளை எண்ணுவதில்லை. எண்ணினால் கண் பட்டுவிடும் என்பார். ஆனால் ஊரார் எல்லோரும் எண்ணுவதற்கு வசதியாக நடுத்தெருவில்தான் வரிசையாக நிறுத்துவார். முதல் வண்டி மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நின்றால் கடைசி வண்டி பொங்கியண்ணன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அது தற்செயல் என்று நம்ப ஊரில் ஒருவரும் இல்லை.

கொல்லிமலைச் சரிவில் வெள்ளைக்காரக் கம்பெனி இரும்புக்கல் வெட்ட வந்ததிலிருந்து சுப்பண்ணனுக்கு வாழ்வு வந்தது. மலையின் ஒரு பக்கத்தையே படிபடியாக வெட்டித் திறந்துவிட்டார்கள். உச்சிப்பொழுதில் அங்கே வெடி வைத்தால் இங்கே அடுக்குப்பானை குலுங்கும். மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டு ஆட்கள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டும் கல், கம்பிக்கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டிகளில் ஆடி ஆடி அடிவாரத்துக்கு இறங்கும். அங்கே கருங்குன்றுபோல் குவிந்து கிடப்பதை சேலத்து ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சுப்பண்ணன் வண்டிகள். மலையையே தான்தான் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போவதாக அவர் சந்தையில் பேசுவார். ஒரு துண்டுக்கு மேல் இன்னொரு துண்டு போட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அப்படிப்பட்டவர் காதில், கம்பெனியே அடிவாரத்திலிருந்து சேலம்வரை சின்ன ரயில் போடப்போகிறது என்ற சேதி விழுந்தது. ரயில் வந்தால் வண்டிக்கு என்ன வேலை? சுப்பண்ணன் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. அவர் மனைவி கருப்பாத்தாள் ஒரு வாய்கூட விடாமல் சாப்பிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த வண்டிகளின்மேல் தனிக் கோபம். தாலி கட்டி வந்த நாள்முதல் மாடுகளுக்கு அப்புறம்தான் அவளுக்குச் சோறு.

சேதி மெய்தான் என்பதற்குச் சாட்சியாகக் கம்பெனி ஓவர்சியர் குழந்தைசாமி வந்து, ஆட்களை வைத்து வழிநெடுக முளைக்குச்சி அடித்தார். அடிவாரத்திலிருந்து ஊருக்கு வரப் பொதுவழி ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் பெரிய பாறை, இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் ஓர் இடுக்கு. வண்டிப்பாதை அதன் வழியாகத்தான் போகிறது. முளைக்குச்சியும் அதன் வழியாகத்தான் வந்தது. இது ஒத்துவராவிட்டால் மாற்றுவழி வேண்டுமே என்று ஏரிக்கு அக்கரையில், பொங்கியண்ணனின் கல்லாங்காட்டிலும் ஒரு வரிசை குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். "எள்ளே மொளைக்காத காட்டுல ரயில் மொளைக்கப்போவுதா" என்று சுப்பண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கலாம்.

பொங்கியண்ணன் வேறு யாருமில்லை, சுப்பண்ணனின் சித்தப்பா மகன், பங்காளி. இரண்டு காட்டுக்கும் நடுவே இருந்த கிளுவை வேலி எவன் பக்கம் சாய்ந்தது என்பதில் அப்பன்மார் காலத்தில் மூண்ட சண்டை. வேலி செத்துப் பல காலமாகிவிட்டது, சண்டை தழைத்துக்கொண்டிருந்தது. எதிரும் புதிருமாக வீடு. யார் வீட்டுக்கு யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது இரண்டு வீட்டுக்கும் அத்துப்படி. அதிலும் பொங்கியண்ணனுக்கு ஊரே மெச்சும் மூக்கு. தெருமுனையில் நின்றே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் நேற்றைய குழம்பைச் சுண்ட வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அவருக்குக் கம்பெனியில் மண்வேலை மேஸ்திரியாக வேண்டும் என்று ஆசை. ரயில் தன் கல்லாங்காட்டு வழியாக வந்தால் அந்த வேலை தனக்குத்தான் என்று ஓவர்சியர் வாயால் கேட்டும் வைத்திருந்தார்.

இடுக்கை அடைத்தால் ரயில் இல்லை என்று சுப்பண்ணன் கணக்குப் போட்டார். சுவர் வைத்து அடைத்தால் போலீசு வரும். சாமி வைத்து அடைத்தால்?

வண்டியிலிருந்து உருண்டு விழுந்த இரும்புக்கல் ஒன்று இடுக்கின் ஓரத்தில் வெகுநாளாகக் கிடந்தது. நல்ல கறுப்பு, நல்ல கனம். ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் விழித்துப் பார்த்தபோது அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, பக்கத்தில் அரிவாள் நட்டு, பூப் போட்டிருந்தது. இடுக்குக் கருப்பனார் தன் கனவில் வந்து இந்த இடம் தன்னுடையது என்றார், என்னை மிதிக்காதே என்றார் என்று சுப்பண்ணன் ஈரத்துண்டுடன் நின்று சொன்னார். கம்பெனியின் கல்லை வைத்தே கம்பெனியை மறிப்பதில் அவருக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளுமை.

மலைச்சாமி என்றால் மலையாள் ஒருவன் பூசை செய்தால்தானே எடுபடும்? தேவனூர் நாட்டுச் செங்கோடனைப் பிடித்தார். கம்பெனியில் கூடை சுமந்து தோள்பட்டை இறங்கிப்போய் அடிவாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஆள். அதுவரை அவனை "ஏ மலையா" என்றுதான் கூப்பிடுவார், வாசற்படி ஏற விட்டதில்லை. இப்போது பூசாரி என்று கூப்பிட்டார். வாசற்படி மட்டும் பழையபடியே. செங்கோடன் பூசை மணியை வாங்கிக்கொண்டான். இரண்டு வாரத்தில் அந்தக் கல்லின்மேல் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டும் அளவுக்கு ஒட்டிக்கொண்டான்.

சாமிக்கு வேண்டியது பயம். அதற்கும் சுப்பண்ணன் வழி கண்டார். அவருடைய மூத்த வண்டிக்காரன் காளியண்ணனின் வண்டி ஒரு நாள் இடுக்கில் அச்சு முறிந்து படுத்தது. பாரம் ஏற்றச் சொன்னவர் சுப்பண்ணன். வண்டி தாங்காது என்று சொன்னவன் காளியண்ணன். ஆனால் முறிந்த அச்சைப் பார்த்ததும் சுப்பண்ணன் முந்திக்கொண்டு, கருப்பனாருக்குத் தேங்காய் உடைக்காமல் வண்டியை ஓட்டினாயல்லவா, அதுதான் என்று போட்டார். பாரத்துக்கு வந்த பழி சாமியின் பெருமையாகிவிட்டது. அன்றிலிருந்து வண்டிக்காரர்கள் இடுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள். காளியண்ணன் இடுக்கைக் கடந்து முடியும்வரை மாட்டைக்கூட வையமாட்டான்.

ஓவர்சியர் குழந்தைசாமி வந்து கல்லைப் பார்த்தார். முதல் தரமான சரக்கு என்று அவருக்குத் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. சாமி விஷயத்தில் கை வைத்தால் மலையாட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஏறிவிடுவார்கள், கல் வெட்ட ஆளிருக்காது. கம்பெனித் துரைக்கு அதுதான் பயம். ஆகவே சாமியிடமே உத்தரவு கேட்டுவிடலாம் என்றார்.

சுப்பண்ணன் எதிர்பார்த்துக் காத்திருந்ததே அதுதான். உத்தரவு கேட்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டு, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று தரம் ஊற்றுவதற்குள் கிடாய் உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சம்மதம். துளுக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் வக்கீல் கிடையாது. சுப்பண்ணன் அதோடு ஒரு முடிச்சும் போட்டார். ஒரு தரம் இல்லையென்று ஆகிவிட்டால், அடுத்த வருசம் அதே மாசம்வரை அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று செங்கோடன் வாயால் ஊர்முன் சொல்ல வைத்தார். கம்பெனிக்காரன் வாராவாரம் கிடாய் பிடித்துக்கொண்டு வந்துவிடக் கூடாதே.

கிடாய் தானே தருவதாகச் சொன்னார். அவ்வளவு தாராளம் அவரிடம் ஊர் பார்த்ததில்லை.

உத்தரவு நாளன்று விடிந்தும் விடியாமலும் கட்டுத்தரையில் கருங்கிடாயைப் பிடித்து நிறுத்தி, மனைவியை விளக்கெண்ணெய்ச் செம்போடு வரச்சொன்னார். மயிரின் அடிவரை எண்ணெய் ஊறினால் தண்ணீர் மேலாக வழிந்து ஓடிவிடும், தோலில் படாது, படாவிட்டால் கிடாய் எதற்கு உதறும்? கருப்பாத்தாள் முழங்கைவரை எண்ணெயாகித் தேய்த்தாள். சாமி காரியத்தில் இதெல்லாம் ஆகாது என்று இரண்டு மூன்று தரம் முனகினாள்.

"எந்தச் சாமி? நான் வெச்ச சாமி. காதுப்பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்" என்றார்.

"நீங்க வெச்ச வண்டிகளே நீங்க சொல்றதக் கேக்குறதில்ல. சாமி கேக்குங்களா?" என்றாள் அவள். ஆனால் காதுப்பக்கம் தேய்த்தாள்.

இடுக்கில் அன்று நிற்க இடமில்லை. பாரம் ஏற்றிய வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டு வண்டிக்காரர்கள் பாறைமேல் ஏறிக்கொண்டார்கள். மலையாட்கள் ஒரு பக்கமும் கீழ்நாட்டார் ஒரு பக்கமும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு. கிடாய் எண்ணெய் மினுமினுப்பில் தளதளவென்று நின்றது. சுப்பண்ணன் வீட்டுத் தீனி அப்படி என்று பேசிக்கொண்டார்கள். குழந்தைசாமி கோட்டைக் கழற்றாமல் கைகூப்பி, கம்பெனி ரயில் இந்த வழியாகப் போகலாமா என்று கேட்டார். செங்கோடன் ஊற்றினான். தண்ணீர் வாழையிலைமேல் ஓடுவதுபோல் ஓடி இறங்கியது. கிடாய் ஓவர்சியரின் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. இரண்டாம் தரம். மூன்றாம் தரம். அசையவில்லை.

"கருப்பனாரு குடுக்கலீங்க" என்றான் செங்கோடன்.

வண்டிக்காரர்கள் சீட்டி அடித்தார்கள். சுப்பண்ணன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிச் சாமியைக் கும்பிட்டார். கும்பிட்டு நிமிர்ந்து பொங்கியண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

பொங்கியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கிடாயைப் பாராட்டுவதுபோல் அதன் முதுகை மெதுவாகத் தடவினார். கையை மூக்கருகே கொண்டுபோய் மீசையை நீவிக்கொண்டார். சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று சுப்பண்ணன் நின்றார். பொங்கியண்ணன் அதைச் சொல்லவில்லை.

"ஏனுங்கண்ணா, ரயிலுக்குக் கேட்டாச்சு. செரி. வண்டிக்கு ஆரும் கேக்கலீங்களே" என்றார்.

"வண்டி எங்கப்பங் காலத்துலருந்து போவுது. அதுக்கு எதுக்குடா உத்தரவு?"

"அப்பங் காலத்துல கருப்பனாரு இங்க இல்லீங்களே. உங்க கனவுல வந்து, மிதிக்காதேன்னு இப்பத்தானுங்க சொன்னாரு. ரயிலு மிதிச்சா ஆகாது, வண்டி மிதிச்சா ஆகுமுங்களா? ஒரு வார்த்த கேட்டுப்போடறது நல்லதுங்க. மாடு கன்னுக எல்லாம் வாயில்லாச் சீவன்."

அதெல்லாம் வேண்டாம், கிடாய் களைத்துவிட்டது என்று சுப்பண்ணன் கயிற்றைப் பிடித்தார். பாறைமேலிருந்து காளியண்ணன் இறங்கி வந்தான்.

"கேட்டுப்போடலாமுங்க பண்ணாடி. என்ற அச்சு முறிஞ்சதுலருந்தே எனக்குத் திக்கு திக்குன்னு இருக்குதுங்க. தேங்காய உடைச்சுட்டு ஒளிஞ்சு போறாப்பல இருக்குது."

மற்ற வண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பயத்தை அவர்கள் நெஞ்சில் ஆணி அடித்தவர் அவரே; இப்போது எதைக் கொண்டு பிடுங்குவது? செங்கோடன் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. செம்பை மொண்டான். எண்ணெய்க் கிடாயின்மேல் கை வைத்து, பாரவண்டிகள் இந்த வழியாகப் போகலாமா என்று தானே கேட்டான். சுப்பண்ணன் தன் ஆயுசில் எந்தச் சாமியையும் அன்றைப்போல் வேண்டிக்கொண்டதில்லை. துளுக்கு, சாமி, துளுக்கு என்று கல்லைப் பார்த்தார், கிடாயைப் பார்த்தார். கருப்பாத்தாள் காதோரம் ஓர் இம்மிகூட விடாமல் தேய்த்திருந்தாள். மூன்று செம்பும் ஓடி வடிந்தன. கிடாய் கொட்டாவி விட்டது.

"இதுக்குங் குடுக்கலீங்க. அடுத்த வருசம் இதே மாசம்" என்றான் செங்கோடன். மணியை ஒரு தட்டுத் தட்டினான்.

காளியண்ணன் முதலில் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தான். பிறகு அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. நுகத்தடிகள் வரிசையாகத் தரையில் இறங்கின. நடுத்தெருவில் கண் படட்டும் என்று நிறுத்திய வண்டிகள் இடுக்குக்கு வெளியே மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றன.

சுப்பண்ணனுக்கு மானமா வண்டியா என்று யோசிக்க அவகாசம் இல்லை. வண்டிதான் என்று வாய் முந்திக்கொண்டது.

"டேய், பூட்டுங்கடா. அது எண்ணெய்டா. வெளக்கெண்ணெ தேச்சு கூட்டியாந்திருக்கறேன். நான்தான் தேச்சேன். தொட்டுப் பாருங்கடா."

ஒருவரும் தொடவில்லை. சாமி மறுத்த கிடாயை யார் தொடுவார்கள்? காளியண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி குத்தமாப் பேசாதீங்க பண்ணாடி. உங்க கனவுலதான வந்தாரு. நீங்களே இப்படிப் பேசுனா நாங்க எங்க போறது?" என்றான். அவன் குரலில் கேலி துளியும் இல்லை. சுப்பண்ணனால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

அங்கே அவரைத் தவிர கிடாயைத் தொட்டவர்கள் இரண்டே பேர். சுப்பண்ணன் முதலில் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். வேலிச் சண்டை வந்த நாளாக அவரிடம் ஒரு காரியமும் கேட்டதில்லை. "நீ சொல்லுடா. உன்ற மூக்குக்குத் தெரியாதா?" என்று ஊர் பார்க்கக் கேட்டார்.

பொங்கியண்ணன் மறுபடியும் குனிந்து, கிடாயின் முதுகில் மூக்கை வைத்து, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார். கூட்டம் முழுக்க அந்த மூக்கைப் பார்த்தது.

"எண்ணெங்களா?" என்றார். "எனக்கு ஒன்னும் தெரியலீங்களே, அண்ணா. பூ வாசந்தான் வருது."

மிச்சம் இருந்தது செங்கோடன். சுப்பண்ணன் அவனைப் பூசாரி என்றார், செங்கோடா என்றார், கடைசியில் சாமி என்றுகூடக் கூப்பிட்டார். செங்கோடன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தான். பளபளவென்று இருந்தன. மலைக்காற்றில் பரட்டையாகக் காய்ந்து கிடந்த தன் தலையில் அந்தக் கைகளை வைத்து, முன்னும் பின்னுமாக, அவசரமில்லாமல் தேய்த்துக்கொண்டான்.

"மஞ்சத்தண்ணிதானுங்க" என்றான்.

குழந்தைசாமி கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏரிக்கு அக்கரையில் இருந்த குச்சிகளைப் பார்க்கக் கிளம்பினார். பொங்கியண்ணன் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊர் அறியும். கல்லாங்காட்டில் மண்மேடு எழும்பியது. பொங்கியண்ணன் மேஸ்திரி ஆனார், தலைப்பாகை கட்டினார். அடிவாரத்துக் கல்லை அதுவரை யார் ஏற்றுவது? ஏரிக்கு அக்கரையைச் சுற்றி வண்டி போகலாம். ஆனால் அது பொங்கியண்ணன் காடு. வேறு வண்டிகளுக்கு அங்கே தடம் உண்டு, சுப்பண்ணனின் வண்டிகளுக்கு மட்டும் இல்லை. ஒரு வண்டியையாவது எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று அவர் ஒரு நாள் தானே நுகத்தடியைப் பிடித்து இடுக்குக்குள் இறங்கிப் பார்த்தார். செங்கோடன் குறுக்கே வரவில்லை, கையை நீட்டவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணியை மட்டும் அடித்தான். மணிச்சத்தம் கேட்டு மாடுகள் பழக்கத்தில் நின்றுவிட்டன. தேங்காய் உடைக்கும் இடம் அது என்று அவற்றுக்கும் பழக்கிவிட்டிருந்தார்கள். காளியண்ணனும் மற்றவர்களும் வேறு வண்டி பிடித்து, தண்டவாளத்துக்குக் கட்டை ஏற்றும் வேலைக்குப் பொங்கியண்ணனிடமே போனார்கள். காலையில் சுப்பண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது கும்பிடாமல் போகமாட்டார்கள். ஒவ்வொரு கும்பிடும் அவருக்குச் செருப்படியாக இருந்தது.

வருசம் திரும்பி அதே மாசம் வந்தது. சுப்பண்ணன் இன்னொரு கிடாய் பிடித்தார். இந்தத் தரம் அரப்புப் போட்டு, தேய்த்து, மறுபடியும் அரப்புப் போட்டு, மயிர் பஞ்சாகப் பறக்கும்வரை குளிப்பாட்டினார். கருப்பாத்தாள் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்தாள்.

இடுக்கில் கூட்டமில்லை. செங்கோடனுக்குக் கூரை வேய்ந்த மண்டபம் ஒன்று வந்திருந்தது. சாமிக்கு வெள்ளியில் கண் வைத்திருந்தார்கள். சுப்பண்ணன் கேட்டார். செங்கோடன் செம்பைத் தூக்கினான். தண்ணீர் விழுவதற்கு முன்பே ஏரிக்கு அக்கரையில், கல் நிறைத்த தொட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த சின்ன ரயில் வீலென்று ஊதியது. கிடாய் தலை முதல் வால்வரை உதறிச் சிலிர்த்து ஒரு துளுக்குத் துளுக்கிற்று, பார், அப்படி ஒரு துளுக்கை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

"குடுத்துட்டாருங்க. இனி தாராளமா ஓட்டுங்க" என்றான் செங்கோடன்.

ரயில் புகையை விட்டுக்கொண்டு வளைவு திரும்பிற்று. ஓட்டுவதற்குச் சுப்பண்ணனிடம் வண்டி இருந்தது, வழியும் இருந்தது. ஏற்றுவதற்கு ஒரு கூடைக் கல்கூட மிச்சம் இல்லை.

துளுக்கின கிடாயை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் பங்காளிக்கு இலை போட்டுத்தான் ஆக வேண்டும். முகம் பார்க்காத பங்காளியாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பொங்கியண்ணன் தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். சுப்பண்ணன் குனிந்த தலை நிமிராமல் தானே கறி பரிமாறினார். பொங்கியண்ணன் முதல் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி மோந்து பார்த்து, வாயில் போட்டு மென்றார்.

"கறி நல்லாத்தானுங்க இருக்குது, அண்ணா. எண்ணெதான் கொஞ்சம் பத்தல."

பதில் சமையற்கட்டிலிருந்து வந்தது. கருப்பாத்தாள் தலையைக்கூட வெளியே நீட்டவில்லை.

"எண்ணெ எங்கூட்டுல போன வருசமே தீந்துபோச்சுங்க தம்பி."